கட்டிப்போட்ட கை

அப்பாசாமி சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தானை மாட்டி, நெஞ்சுப் பொத்தானை மாட்டி, வயிற்றுப் பக்கம் வந்தபோது கழுத்தில் காற்றுப் பட்டது. குனிந்து பார்த்தார். மேலே இரண்டும் திறந்து கிடந்தன. வலது கை கீழே மாட்டிக்கொண்டே போக, இடது கை மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தது. அதற்கு அவசரமே இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்வதுபோல நிதானமாகச் செய்தது.

நேற்றுக் குடித்த சம்சு இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். குடிகாரனுக்கு இது ஒரு வசதி. எது நடந்தாலும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஜப்பான்காரன் மலாக்காவுக்கு வந்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. காஜா பேராங்கில் சாலைக் கூலிகள் குடியிருந்த லயத்தில் சோற்று வாசனையே மறந்துபோயிருந்தது. விடிந்தால் மரவள்ளிக்கிழங்கு, அடைந்தால் மரவள்ளிக்கிழங்கு. அந்தக் கிழங்கின் தோலையும் அழுகல் துண்டுகளையும் மண்ணெண்ணெய் டின்னில் புளிக்கவைத்துக் காய்ச்சிய சம்சுதான் லயத்தின் பின்பக்கம் கிடைத்தது. தொண்டையில் இறங்கும்போது துருப்பிடித்த ஆணியை விழுங்குவதுபோல இருக்கும். அப்பாசாமி மண்டோர். முப்பது நாற்பது கூலிகளை மேய்க்கிற ஆள் என்பதால் அவருக்கு மட்டும் கொஞ்சம் அரிசி தனியாகக் கிடைத்தது. அதில் பாதிதான் வீடு வந்து சேர்ந்தது. மீதி வழியிலேயே சம்சுவாக மாறியது. வீட்டில் மகள் ஜெயா ஐந்து மாதக் கர்ப்பிணி. இது தெரிந்துதான் அவர் குடித்தார். தெரிந்ததை மறக்கவும் குடித்தார்.

மண்டோர் வேலையோடு இப்போது இன்னொரு வேலையும் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் கூலிகள் வரிசையாக நிற்க, ஜப்பான்காரன் போடுகிற சயாம் ரயில் பாதைக்கு யார் யார் போவது என்று அவர்தான் காட்ட வேண்டும். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அவர் சுட்டுவிரலை நீட்டமாட்டார். மலாய்க்காரர்கள் மரியாதைக்குச் செய்வதுபோல வலது கையை மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்துக் காட்டுவார். "மண்டோர் மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்று லயத்தில் சொல்வார்கள். சாகப் போகிறவனுக்கு மரியாதை. அதைக் கேட்கும்போதெல்லாம் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

இத்தனையையும் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அது மருமகன் கருணாகரன்.

மூன்று மாதத்துக்கு முன் செட்டிக் கம்போங் கோயில் பக்கத்துச் சாக்கடையில் அப்பாசாமி விழுந்து கிடந்தார். வேட்டியில் எல்லாம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைதான் தேடி வந்தான். பெண்ணைக் கொடுத்த வீட்டில் தலைவாழை இலை போட்டு உபசரிக்க வேண்டிய மாப்பிள்ளை, மாமனாரை முதுகில் சுமந்து, கண்ணில் படாத சந்துகளாகப் பார்த்துக் கொண்டுவந்து, கிணற்றடியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டி, அந்த வேட்டியைத் தன் கையால் கசக்கிப் பிழிந்து காயப்போட்டான். மாமியாரிடம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "மாமா, கஞ்சி ஆறிடும், குடிங்க" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல். திட்டியிருந்தால் பிழைத்திருப்பார். அந்தக் குனிந்த தலை அவரைத் தின்றது. அன்றிலிருந்து மாப்பிள்ளையின் காலடி வாசலில் கேட்டாலே அவருக்கு உடம்பு கூசியது.

பொத்தான் அவிழ்ந்த அன்று சாயங்காலம், லயத்தின் பின்னால் வாழைமரத்தடியில் உட்கார்ந்து கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார். இடது கை வந்து தட்டிவிட்டது. சம்சு மண்ணில் கொட்டி, புளித்த நெடி மூக்கில் ஏறியது. இரண்டாவது முறை ஊற்றினார். இரண்டாவது முறையும் தட்டிவிட்டது. அவர் செருப்பைக் கழற்றி அந்தக் கையை அடித்தார். வலித்தது அவருக்குத்தான். கை விலகவில்லை.

"என்னங்க, யாரைப் போட்டு அடிக்கிறீங்க?" மனைவி பொன்னம்மா விறகுச் சுள்ளிகளோடு வந்து நின்றாள்.

"பூரான்" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். சுள்ளிகளோடு உள்ளே போனாள்.

மறுநாள் மத்தியானம் நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவித்த கிழங்கு, உப்பு, ஒரு கைப்பிடி கீரை. அப்பாசாமி வலது கையால் கிழங்கைப் பிட்டார். கால் கழுவுகிற அந்த இடது கை, மடியிலிருந்து மெதுவாக எழுந்தது. அவருடைய தட்டுக்குள் இறங்கியது. பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நீண்டு போய், ஜெயாவின் தட்டில் வைத்தது.

ஜெயாவின் முகம் சுருங்கியது. அப்பாவுக்கு அசிங்கம் எது, சுத்தம் எது என்றுகூடத் தெரியாமல் போய்விட்டது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. கருணாகரன்தான் கை நீட்டி, மனைவியின் தட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றான்.

"கிழங்கு நல்லா வெந்திருக்கு அத்தை" என்றான்.

மானம் கப்பலேறிப் போனது. இவன் எத்தனை முறைதான் என் அசிங்கத்தைத் தின்பான் என்று அப்பாசாமிக்குள் ஏதோ ஒன்று பல்லைக் கடித்தது. கை அமைதியாக மடிக்குத் திரும்பியிருந்தது.

புக்கிட் பாருவுக்கு நடந்து போய் டிரெசர் சேதுராமனைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரிடம் இருபது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது வீட்டில் மருந்தும் இல்லை, பஞ்சும் இல்லை. வெறும் கையால் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"வயித்துல சோறில்ல, தலையில சாராயம். எத்தனை வருஷமா மண்டோரே?"

அப்பாசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"மூளை ரெண்டு பாதியா இருக்கும். நடுவுல ஒரு பாலம். குடிச்சுக் குடிச்சு, தின்னாமக் கிடந்து அது அரிச்சுப் போயிடும்னு டாக்டர் சொல்வாரு. ரொம்ப அபூர்வம். நானே ஒருத்தனைத்தான் பார்த்திருக்கேன். அவனுக்கும் இடது கைதான்."

"என்ன பண்ணிச்சு?"

சேதுராமன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் பெண்டாட்டி கழுத்தைப் பிடிச்சுது."

"அவ மேல கோவமா இருந்தானா?"

"இல்லேன்னுதான் சொன்னான்."

"டிரெசர் ஐயா, இதுக்கு வழி?"

"குடியை விடுங்க. அரிசித் தவிடு கிடைச்சா தின்னுங்க. அது வரைக்கும் பக்கத்துல படுக்கிறவங்களப் பார்த்துக்குங்க."

திரும்பி வரும் வழி முழுக்க அப்பாசாமி இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். அது முரண்டு பண்ணவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் மழை கொட்டியது. தகரக் கூரையில் விழுந்த மழையில் வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சுவரோரம் ஈரம் ஏறி, கிழங்குத் தோலும் ஈரச் சாக்கும் சேர்ந்த ஒரு வாடை அறையை நிறைத்தது. அந்த மங்கலில் பொன்னம்மாவும் ஜெயாவும் அடுப்படியில் இருக்க, வேலை நின்றுபோய் வந்த கருணாகரன் பாயில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அப்பாசாமி இரண்டு முழம் தள்ளிப் படுத்திருந்தார். கண் சொருகியது.

எதுவோ ஊர்வதுபோல இருந்தது. பாயில். மிக மெல்ல.

தலையைத் திருப்பினார். இடது கை போய்க்கொண்டிருந்தது. விரல்களை ஊன்றி, தோளை இழுத்துக்கொண்டு. போகாதே என்றார் மனதுக்குள். போனது. கருணாகரனின் கழுத்துக்கு நேராக நின்றது. கழுத்தில் நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. கை கொஞ்சம் யோசித்தது. பிறகு இறங்கி, அவன் சட்டையின் ஓரத்தைப் பற்றியது. இறுக்கமாக. விரல் கணுக்கள் வெளுக்கும் அளவுக்கு.

வலது கையால் பிடித்து இழுத்தார். விடவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிரித்த விரல் மறுபடி மூடிக்கொண்டது.

கருணாகரன் விழித்துக்கொண்டான். "மாமா?"

அப்பாசாமி அழுதார். மாப்பிள்ளை முன்னால் அழுகிறோமே என்ற வெட்கத்தில் இன்னும் அழுதார். டிரெசர் சொன்னதை எல்லாம் சொன்னார். கழுத்து விஷயத்தையும் சொன்னார். "என்னைக் கட்டிப் போட்டுடுங்க மாப்பிள்ளை. இந்தக் கையை நம்பாதீங்க."

மழை விட்டதும் லயத்துக்கு ஜப்பான்காரனின் துபாஷி வந்து உத்தரவைச் சொல்லிப் போனான். மறுநாள் காலைப் பெரட்டில் ஆறு பேர் வேண்டும். இந்தமுறை யாருக்கும் விலக்கு இல்லை. மண்டோர் வீட்டு ஆணும் வரிசையில் நிற்க வேண்டும். ஆளைக் காட்டுவது மண்டோர்தான்.

ஜெயா கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குப் பயப்படுறே? காட்டுறது மாமாதானே" என்றான் கருணாகரன். பொன்னம்மா புருஷனின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிவதற்குள் கருணாகரனே கட்டினான். பழைய சேலைக் கிழிசலை முறுக்கி, மணிக்கட்டைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி மூன்று முடிச்சு.

"வலிக்குதா மாமா?"

"இன்னும் இறுக்குங்க."

மேலே தளர்வாகச் சட்டையைப் போட்டுவிட்டான். அவன் வெளியே போனதும் அப்பாசாமி வாழைமரத்தடிக்குப் போனார். வலது கை நடுங்கியது. நடுங்கும் கையால் ஆள் காட்ட முடியாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒரு கோப்பை ஊற்றினார். அன்று தட்டிவிட ஆள் இல்லை. இன்னொன்று ஊற்றினார்.

களத்தில் ஈரமண் வாடை. லோரி நின்றது. அதிகாரி பூட்ஸ் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். பெண்கள் வேலியோரம் கூடியிருந்தார்கள்.

அப்பாசாமி வரிசையின் முன்னால் நடந்தார். வலது கையை மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்து ஒருவனைக் காட்டினார். அவன் விலகி நின்றான். வேலியில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு. மூன்று. சட்டைக்குள் இடது கை அசைந்தது. நான்கு. முறுக்கிய துணி மணிக்கட்டை அறுத்தது. ஐந்து.

இன்னும் ஒருவன்.

கை துடித்தது. இழுத்தது. இடுப்பெலும்பில் முட்டிக்கொண்டது. ஏதோ சூடாகத் தொடையில் வழிந்தது. நல்ல கட்டு என்று நினைத்தார். நல்லவேளை கட்டினான். கருணாகரனைத் தாண்டினார். தாண்டிவிட்டார். பெருமூச்சு வந்தது.

அதிகாரி ஏதோ கத்தினான்.

பிறகு சத்தமே இல்லை. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். வேலியோரம் பொன்னம்மாவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல். பதறிப்போய் இடுப்பைத் தொட்டுப் பார்க்க நினைத்தார். எந்தக் கையால் தொடுவது? குனிந்து பார்த்தார். சட்டை ரத்தத்தில் ஊறியிருந்தது. உள்ளே இடது கை. கட்டியபடி. அங்கேயே.

வலது கை நீண்டிருந்தது. பின்பக்கமாக. அவர் தாண்டி வந்த இடத்துக்கு. கட்டைவிரல் அல்ல. சுட்டுவிரல்.

கருணாகரன் முதலில், ரத்தத்தில் ஒட்டிய சட்டைக்குள் புடைத்துத் தெரிந்த முடிச்சைப் பார்த்தான். மூன்றும் இருந்தன. பிறகு மாமனாரின் கண்ணைப் பார்த்தான். நேராக. அவர்தான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்ல" என்றார்.

அவனை இழுத்துப் போனார்கள். லோரி உறுமியது. புகை. இடது கை கட்டுக்குள் பிறாண்டிக்கொண்டே இருந்தது, நகத்தால், துணியை, தோலை.

ஜெயா ஓடிவந்து அவன் நின்ற இடத்தில் நின்றாள். காலடித் தடத்தின் மேல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"கையை இறக்குங்கப்பா."

இறக்கினார். முழுக்க இறக்கிவிட்டதாகத்தான் அவருக்குப் பட்டது.

விரல் நீண்டேதான் இருந்தது. மகளின் வயிற்றுக்கு நேராக. ஆடாமல்.

புறப்பட்ட லோரி நின்றது.