கட்டிலின் பகல் பாதி

நைட் டூட்டி முடிந்து வந்து தேவகி கட்டிலில் சாய்ந்தபோது தலையணை சூடாக இருந்தது.

வெயிலின் சூடில்லை. வெளியே தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. ராத்திரி முழுக்கக் கதவில் தொங்கிய பூட்டின் சாவி அவள் கைப்பையில்தான் கிடந்தது. சில்லிட்டுப் போன சிமெண்டுத் தரைக்கு மேலே அந்தத் தலையணை மட்டும், யாரோ இப்போதுதான் தலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனதுபோல, ஆள் கதகதப்போடு நடுவில் குழிந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். அவளுடைய தேங்காயெண்ணெய் வாசனைக்கு அடியில் வேறொன்று: வியர்வை, ஏதோ வெளிநாட்டு சோப்பு, மல்லாட்டைக் கடலை வறுக்கிற சட்டியில் காயும் மணலின் நெடி.

திருப்பிப் போட்டுப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்காரியிடம் கேட்டு வைத்தால் அறை போய்விடும்.

அந்த அறை கிடைப்பதற்குள் திண்டிவனத்தில் அவள் ஏறாத படியில்லை. வல்லத்தில் மானாவாரிக் கொல்லை வைத்துப் பயிரிடும் பச்சைமுத்துவின் மகள், அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள், டெலிபோன் ஆபரேட்டர். இதெல்லாம் எந்த வீட்டுக்காரனுக்கும் வேண்டியிருக்கவில்லை. நீங்க என்ன ஆளுங்க, கூட யாரு, கல்யாணம் ஏன் ஆவல, பொட்டச்சிக்கு ராத்திரில அப்படி இன்னா வேலை. அவள் இணைப்புக் கொடுத்தால் பேசுகிற ஊருக்கு, அவள் படுக்க ஆறடி கொடுக்க மட்டும் மனசில்லை. மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் தனியாக இருந்த கெங்கம்மாள்தான் சாதி கேட்கவில்லை.

"ராத்திரில இருக்க மாட்ட இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"எப்பவும் நைட்டுதாங்க."

"அப்ப பகல்ல படுத்துக்கோ. கட்டில மட்டும் நகத்திப் போடாத."

உலகத்திலேயே நல்ல மனுஷி இவள்தான் என்று தேவகி அன்றைக்கு நம்பினாள். படித்த முட்டாள்.

கெங்கம்மாளின் ஒரே மகன் சேட்டு, பாலைவன நாட்டில் கொத்து வேலைக்குப் போனவன். "நட்ட நடு டவுன்ல இருக்கறான்மா. ஒரு கட்டிலு, ரெண்டு பேரு வாடகை. இவன் எந்திரிச்சு வேலைக்குப் போனாதான் அவன் வந்து படுக்கணும். பேஜாரு புடிச்ச பொழப்பு."

"நம்ம ஊர்ல எனக்கு அதுவும் கெடைக்கலையே" என்று தேவகி சிரித்தாள். கெங்கம்மாள் சிரிக்கவில்லை.

அதன்பின் ஒவ்வொன்றாக. மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை கால்மாட்டில் சுருண்டு கிடந்தது. விரிப்பை உதறினால் பொடி மணல் உதிர்ந்தது. பூட்டில் சாவியைத் திருப்புகிற நேரம், உள்ளே பாரம் இறங்கியதுபோலக் கட்டில் ஒருமுறை முனகி அடங்கியது. கிழவி மாற்றுச் சாவி வைத்துக்கொண்டு ராத்திரியில் எவனுக்கோ கட்டிலை வாடகைக்கு விடுகிறாள் என்றுதான் தேவகிக்குத் தோன்றியது. கோபத்தோடு புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள்.

மறுநாளும் தலையணை சுட்டது.

அன்றைக்குக் கோபம் வரவில்லை. புதுப் பூட்டின் சாவிகள் மூன்றும் அவள் கைப்பையிலேயே இருந்தன.

ஓடிவிடலாம். எங்கே? அப்பா பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பியிருந்தார்: வெள்ளிக்கிழமை அனந்தபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர். இந்த அறையை விட்டால் அந்தக் கழுத்துக் கயிறுதான். எப்போதும் வெள்ளிக்கிழமை டூட்டி முடிந்ததும் நேரே வல்லத்துக்கு பஸ் ஏறிவிடுகிறவள், இந்த வாரம் போவதில்லை என்று முடிவு கட்டினாள்.

"நாளைக்கு ஊருக்குப் போவலியா?" வியாழன் சாயங்காலம் கெங்கம்மாள் கேட்டாள்.

"போவலங்க. பொண்ணு பாக்க வர்ற எவன் முன்னாலயும் போய் நிக்க மாட்டேன். இங்கதான் தூங்கப் போறேன்."

கிழவியின் முகம் மலர்ந்தது. "அப்படியா கண்ணு? நல்லதாப் போச்சு."

வெள்ளிக்கிழமை காலை சந்தில் ஆளில்லை. பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தாள்.

அனல் முகத்தில் அறைந்தது.

கட்டிலில் ஆள் இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி. தலைவரை போர்த்திக்கொண்டு. மூச்சுக்குப் போர்வை ஏறவில்லை. இறங்கவில்லை. அதன் ஓரத்திலிருந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது. மெல்ல. நிற்காமல்.

பின்னால் காலெடுத்து வைத்தாள். முதுகில் ஒரு கை தட்டுப்பட்டது.

"சத்தம் போடாதம்மா" என்றாள் கெங்கம்மாள் கிசுகிசுப்பாக. "அந்த ஊர்ல வெள்ளிக்கிழமதான் லீவு. இன்னிக்கி ஒரு நாளுதான் எம்புள்ள பகல்லயும் தூங்குவான்."

"அவரு... வெளிநாட்டுல..."

"ரெண்டு வருசமா கடுதாசி இல்ல. படுக்க எடமில்லம்மான்னு கனாவுல வந்து அழுதான். இங்க வந்து படுத்துக்கடான்னுட்டேன். ராத்திரி அவனுக்கு, பகலு ஒனக்கு. பாத்துப் பாத்துதான் ஒன்ன வெச்சேன்."

"நான் ஊருக்குப் போறேங்க. வுடுங்க."

"அந்த மாப்ளதான் வேணாமின்னியே கண்ணு."

கை அவளை உள்ளே தள்ளியது. கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. தேவகி கதவைத் தட்டினாள். கத்தினாள். மார்க்கெட்டு இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

பின்னால் கட்டில் முனகியது.

திரும்பினாள்.

போர்வைக்குள் இருந்தது முகம் காட்டவில்லை. சுவரோடு ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, தள்ளிப் படுத்தது. ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு.