இருபத்து மூன்றாவது படம்

மழைக்கோட்டைக் கழற்றாமலேயே அந்தப் பெண் சமையலறை மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் தரையில் தேங்கியது. மெர்ல் ஹாஸ்கெட் அதைப் பார்த்தார். காப்பியை மட்டும் அவள் பக்கம் தள்ளி வைத்தார். முப்பத்தோரு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்களைத் தோண்டி எடுத்த மனிதர். துக்கத்தில் இருப்பவர்களை அவசரப்படுத்தினால் காரியம் கெடும் என்று அவருக்குத் தெரியும்.

அவருடைய மைத்துனன் டூயிக்குத்தான் அது தெரியாது. "சொல்லும்மா கோரின், மச்சான்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடு. இவரு கண்டுபிடிக்காத விஷயமே கிடையாது" என்றான்.

"மாப்ளே, அவங்க குடிக்கட்டும்."

கோரின் குடிக்கவில்லை. "என் அப்பா லியாண்டர் வாஸ். போன வியாழக்கிழமை செத்துப் போயிட்டாரு. ஹார்ட் அட்டாக். அதுல சந்தேகம் ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷமா நானும் அவரும் பேசிக்கல. அம்மாவை அடக்கம் பண்ணின அன்னிக்கு, வீடு பூரா ஆளுங்க இருக்கும்போது, அவரு கீழ்த்தளத்துக்குப் போயி அந்தப் பழைய திரையில கோடு போட்டுட்டு உக்காந்திருந்தாரு. நான் என்னென்னமோ கத்திட்டேன். போன மாசம் நானே மனசு கேக்காம லெட்டர் போட்டேன், வியாழக்கிழமை வரேன்னு."

"வந்தீங்களா?"

"பெண்ட் ஊர்லேர்ந்து கார்ல கிளம்பி மலை உச்சி வரைக்கும் வந்தேன். அங்கே நின்னு போன் பண்ணினேன். மூணு மணி பத்து நிமிஷம். போனை எடுத்தாங்க. 'அப்பா'ன்னேன். பதில் இல்ல. 'அப்பா, நான்தான்'னேன். வச்சுட்டாங்க." அவள் தன் செல்போனைத் திருப்பிக் காட்டினாள். ஒன்பது வினாடி என்று இருந்தது. "சரி, இன்னும் கோபம் தீரலன்னு காரைத் திருப்பிட்டேன். அவரு கீழ்த்தளத்துச் சுவர்ப் போனுக்குக் கீழேயே விழுந்து கிடந்தாராம். என் குரலைக் கேட்டு, போனை வச்சுட்டு, அங்கேயே செத்துப் போயிருக்காரு. அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு சார். வச்சது அப்பாதானா?"

மெர்ல் எழுந்து தொப்பியை எடுத்தார்.

பீவர்டனில் நவம்பர் மழைக்கு ஓயத் தெரியாது. லியாண்டரின் வீட்டுக் கூரையிலும் அது விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் ஒரே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஆறடி தள்ளிச் சுவரில் ஒரு பழைய போன். மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர், அது அனுப்பும் கோடுகளைப் பச்சைத் திரையில் வரைந்து காட்ட, குளிர்பெட்டியின் பாதி உயரத்துக்கு ஒரு டெர்மினல். அதன் முன்னால் முக்காலியில் நின்ற பிலிம் கேமரா, திரையை முறைத்துக்கொண்டிருந்தது.

இந்த விஷயத்தில் மட்டும் டூயி குரு. ஊரில் பழைய டெர்மினல்களில் படம் வரைந்து பார்க்கும் பைத்தியங்கள் ஒரு சங்கமாக இருந்தார்கள், பதினொரு பேர். அவனும் அதில் ஒருவன்.

"இது டிவி மாதிரி இல்ல மச்சான். இங்கே கோடு விழுந்தா விழுந்ததுதான், திரையே அதைப் பிடிச்சு வச்சுக்கும். ஒரு கோட்டை மட்டும் அழிக்க முடியாது. அழிச்சா மொத்தமும் போகும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு கோடா அனுப்பும், எந்த வரிசையில வரைஞ்சோமோ அதே வரிசையில வரும். லியாண்டர் வேணும்னே மெதுவா அனுப்புவாரு."

"படத்தை அப்படியே விட்டுட்டா?"

"ஐயையோ, அது மட்டும் கூடாது. மத்த மெஷின்ல தானா மங்கிடும். இவரு போட்டோ எடுக்கறதுக்காக அதுக்கான ஒயரை வெட்டி விட்டுட்டாரு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல படம் நின்னா கண்ணாடி வெந்து போகும். அந்தப் படம் ஜென்மத்துக்கும் அதுலேயே ஒட்டிக்கும். இந்தக் கண்ணாடியை இப்போ உலகத்துல எவனும் செய்யறதில்ல. பெத்த பிள்ளையைக்கூட அழ விடுவோம், திரையை விட மாட்டோம்."

"எப்படி அழிக்கறது?"

டூயி மேசைக்கு அடியில் கையை விட்டான். "விசைப்பலகையில இருந்தது உடைஞ்சு போச்சு. ஒயர் இழுத்து இங்கே ஒரு பட்டன் வச்சிருக்காரு. சங்கத்துக்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

பக்கத்து வீட்டு நெல்டா படிக்கட்டில் நின்றபடியே பேசினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அன்றைக்கு ஆறு மணி வரை அங்கேதான் இருந்தாள், நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். "ஏழு மணிக்கு சூப் கொண்டு வந்தேன் சார். போனுக்குக் கீழே குப்புறக் கிடந்தாரு. ஒரு கை சுவரைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. போன் சரியாத்தான் மாட்டி இருந்துச்சு. நான் எதையும் தொடல."

"திரையில என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்ல. வெறும் பச்சை வெளிச்சம்."

"பாத்தியா மச்சான், இந்தம்மா மேலதான் எனக்கு..." என்று டூயி காதில் கிசுகிசுத்தான்.

"மாப்ளே, வாயை மூடிட்டு அந்தக் கம்ப்யூட்டர்ல பாரு. அன்னிக்குத் திரைக்குப் படம் எப்போ போச்சு?"

டூயி பார்த்துச் சொன்னான். ஒரு மணி ஐம்பத்திரண்டுக்கு அனுப்பத் தொடங்கி, இரண்டு நாற்பத்தொன்பதுக்கு முடிந்திருக்கிறது. மெர்ல் கைவிளக்கால் கண்ணாடியை ஓரம் ஓரமாகப் பார்த்தார். ஒரு தழும்பும் இல்லை. பிறகு கேமராவைப் பார்த்தார். எண் இருபத்திரண்டில் நின்றது. மேசையில் இருந்த நோட்டில் லியாண்டர் தன் படங்களை வரிசையாகக் குறித்திருந்தார். கடைசியாகப் போட்டோ எடுத்தது இருபத்திரண்டாவது படம். இருபத்து மூன்று என்று எழுதி, பக்கத்தில் வியாழக்கிழமைத் தேதியும் இருந்தது. போட்டோ கட்டம் காலி.

"போட்டோ எடுக்காம அவரு எப்பவாவது அழிச்சிருக்காரா?"

"லியாண்டரா? வீடு தீப்பிடிச்சாலும் எடுத்துட்டுத்தான் ஓடுவாரு."

மெர்ல் நோட்டை மூடி வைத்தார்.

மறுநாள் மதியம் கிளைட் ராத்பனைச் சாலையோர உணவகத்தில் பார்த்தார்கள். லியாண்டரும் அவரும் இருபது வருடம் ஒரே தொழிற்சாலையில் இந்தத் திரைக்கான கண்ணாடிக் குழாய்களைச் செய்தவர்கள். சங்கத்தைத் தொடங்கியதும் அவர்கள்தான். அவர் முன்னால் இருந்த ஆப்பிள் பை தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது. கண்கள் வீங்கியிருந்தன. அவர் அழுதது பொய்யில்லை.

"லியாண்டர்கிட்ட ஒரு கேபிள் வாங்கப் போனேன். ரெண்டு மணி இருக்கும். ரெண்டரைக்குக் கிளம்பிட்டேன். அப்போ நல்லாத்தான் இருந்தாரு. படம் பாதிதான் வந்திருந்துச்சு. ரோடு, மரம், அவ்வளவுதான்."

"என்ன படம்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தாரா?"

"அவரா சொல்லுவாரு? கல்லுளிமங்கன். வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் யாருக்கும் மூச்சு விட மாட்டாரு. முழுப் படம் திரையில வந்தாத்தான் நாங்களே பாப்போம்."

"உங்க மெஷினும் இருக்காமே?"

"அது போயிடுச்சு. ஒரு நாள் அசந்து தூங்கிட்டேன், கண்ணாடி வெந்துடுச்சு." கிளைட் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். "அவரு கை அப்படி சார். எழுபத்தொரு வயசுல ஒரு கோடு நடுங்காது. ஜன்னல்ல கையைத் தூக்கிட்டு நிக்கிறானே அந்த ஆளு, சுண்டுவிரல் அளவுகூட இல்ல, ஆனா யாரையோ எதிர்பாத்து நிக்கிறான்னு தெரியுது. அதுதான் லியாண்டர்."

மெர்ல் தன் தட்டில் இருந்த ஆப்பிள் பையை முழுவதுமாகத் தின்று முடித்தார். வெளியே வந்ததும் டூயி பொங்கினான். "நல்ல மனுஷன், பாவம். இங்கே வந்து நேரத்தை வீணாக்கிட்டோம் மச்சான்."

"ஞாயித்துக்கிழமை அந்தப் படத்தைத் திருப்பி அனுப்ப முடியுமா?"

"பைல் அப்படியேதான் இருக்கு."

"எல்லாரையும் வரச் சொல்லு. கிளைட்டையும்."

ஞாயிறு மதியம் கீழ்த்தளத்தில் ஐந்து பேர். கோரின் தன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளைட் அவள் அருகே, மேசை ஓரத்தில். நெல்டா படிக்கட்டில். டூயி ஒரு விசையைத் தட்டினான். இருட்டுப் பச்சையில் முதல் கோடு விழுந்தது.

அரை மணி நேரம் மலைச்சாலையே வந்துகொண்டிருந்தது. வளைவு வளைவாக. பிறகு மரங்கள். பிறகு மழை, நூற்றுக்கணக்கான சாய்ந்த கோடுகளாக. சாலையில் ஒரு சின்ன கார். நாற்பதாவது நிமிடத்துக்கு மேல்தான் வீடு வந்தது. இந்த வீடு. கூரை, புகைபோக்கி, கதவு. ஐம்பத்து நாலாவது நிமிடத்தில் ஜன்னல் விழுந்தது. கடைசி மூன்று நிமிடங்களில் அதற்குள் ஒரு ஆள் உருவானார். தோள், தலை, கடைசிக் கடைசியாக, தூக்கிய கை.

கோரின் வாயைப் பொத்திக்கொண்டாள். கார் அவளுடையது. ஜன்னலில் நின்றவரும் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

"கோரின், உங்க அப்பா போனை வைக்கல" என்றார் மெர்ல். அவர் குரல் கொஞ்சமும் ஏறவில்லை. "படம் ரெண்டு நாப்பத்தொன்பதுக்கு முடிஞ்சுது. அவரு நல்லா இருந்திருந்தா உடனே போட்டோ எடுத்திருப்பாரு. எடுக்கல. அப்படின்னா அதுக்குள்ளேயே விழுந்துட்டாரு. ஆனா நெல்டா ஏழு மணிக்கு வந்தப்போ திரை காலி. நாலு மணி நேரம் படம் நின்னிருந்தா கண்ணாடியில தழும்பு இருக்கணும், அதுவும் இல்ல. படம் முடியறதுக்கு முன்னாடி அழிச்சிருந்தா மிச்சக் கோடெல்லாம் அப்புறம் வந்து விழுந்திருக்கும். அதனால ரெண்டு நாப்பத்தொன்பதுக்கு அப்புறம் யாரோ ஒருத்தர் இங்கே இருந்து, மேசைக்கு அடியில கையை விட்டு அழிச்சிருக்காங்க. மூணு பத்துக்கு உங்க போனை எடுத்து வச்சதும் அவங்கதான்."

டூயி மேசையிலிருந்து ஓரடி விலகினான். அவனும் சங்கத்துக்காரன்தானே.

"அது யாருன்னு நான் உணவகத்துலயே கேட்டுட்டேன். ரெண்டரைக்குக் கிளம்பினவருக்கு ரோடும் மரமும்தான் தெரியணும். இந்த ஜன்னல் ஆளு வந்தது கடைசி மூணு நிமிஷத்துல. போட்டோ கிடையாது. லியாண்டர் யார்கிட்டயும் சொல்லல. பாத்தவருக்கு மட்டும்தான் தெரியும்."

யாரும் கிளைட்டைப் பார்க்கவில்லை. அவருடைய கண் திரையிலேயே இருந்தது. நெற்றி வியர்த்திருந்தது. நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன, படம் பிரகாசமாக நின்றுகொண்டிருந்தது, ஒருவரும் அதை அழிக்க எழவில்லை. கடைசியில் அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலேயே, மேசைக்கு அடியில் போனது.

"தொடாதீங்க அங்கிள்" என்றாள் கோரின்.

கை நின்றது. கிளைட் அழத் தொடங்கினார்.

"நான் கொல்லலம்மா. சங்கத்துக் கண்காட்சிக்கு இந்த மெஷினைக் கேட்டேன். என்னோடது போயிடுச்சுல்ல. 'இந்த வாரம் முடியாது, என் பொண்ணு வரா, அவளுக்குக் காட்டணும்'னாரு. எனக்கு வயித்தெரிச்சல். கத்தினேன். அவரும் கத்தினாரு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சரிஞ்சுட்டாரு. கத்தினதாலதான் போயிட்டாருன்னு சொல்லுவாங்களேன்னு பயந்துட்டேன். படிக்கட்டுல உக்காந்துட்டேன். படம் அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. போன் அடிச்சுது, பழக்கத்துல எடுத்துட்டேன். நீ 'அப்பா'ன்னே. எனக்கு வாய் வரல. வச்சுட்டு, திரையை அழிச்சுட்டுப் போயிட்டேன். செத்துட்டாருன்னுதான் நினைச்சேன்."

"எங்கே விழுந்தாரு?" என்று மெர்ல் கேட்டார்.

"இங்கேதான். நாற்காலிக்குப் பக்கத்துல."

நெல்டா படிக்கட்டில் மெதுவாக உட்கார்ந்தாள். மெர்ல் ஆறடி தள்ளியிருந்த போனைப் பார்த்தார்.

"நெல்டா அவரைப் பாத்தது அங்கே, போனுக்குக் கீழே. நீங்க போனதுக்கு அப்புறம் தவழ்ந்து போயிருக்காரு. நீங்க கண்ணாடி வெந்துடக் கூடாதுன்னு ஞாபகமா அழிச்சீங்க கிளைட். அவரு கையைத் தொட்டுப் பாக்கல."

கிளைட்டுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. அவர் போனையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தானே வருவதாகச் சொன்னார். டூயி அவர் தோளைப் பிடித்து மேலே கூட்டிப்போனான்.

"நான் காரைத் திருப்பாம வந்திருந்தா?" என்று கோரின் கேட்டாள்.

"மலையிலேர்ந்து ஒன்றரை மணி நேரம். இருந்திருப்பாரான்னு எனக்குத் தெரியாது, சொல்ல மாட்டேன். அந்தப் போனை அவரு வைக்கல. அதுக்கப்புறம் அதை நோக்கித்தான் போயிருக்காரு. இது ரெண்டும்தான் எனக்குத் தெரியும்."

அவள் தலையசைத்தாள்.

டூயி திரும்பி வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. திரையைப் பார்த்ததும் பதறிப்போய் மேசைக்கு அடியில் கையை நீட்டினான். மெர்ல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடு மாப்ளே."

"வெந்துடும் மச்சான். இன்னொரு கண்ணாடி கிடைக்காது."

"அவங்களுக்குத் தெரியும்."

வெளியே மழையில் இருட்டும் வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே கையை நீட்டி டெர்மினலின் பின்னால் இருந்த சுவிட்சை அணைத்தாள். பச்சை வெளிச்சம் போனது. டூயி கைவிளக்கை அடித்துப் பார்த்தான். செத்த கண்ணாடியில் சாலையும் வீடும் மங்கலாக ஒட்டியிருந்தன. ஜன்னலில் தூக்கிய கை அப்படியே நின்றது.

கோரின் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். "இதை என் கார்ல ஏத்தணும். கொஞ்சம் கை குடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.