கடைக்குள் போட்ட இலை

திண்டிவனத்தில் புதுச்சேரிக்குச் சாலை பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் இப்ராஹிம் ஷாவின் மல்லாட்டைக் கிடங்கு இருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை வியாபாரம் படுத்த பிறகு, உள்ளே ஓலைப் பாயால் தடுப்புகள் கட்டிப் பழைய சாமான் விற்கிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு தடுப்பில் தேக்குத் தூண்கள். இன்னொன்றில், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறியபோது போட்டுவிட்டுப் போன நிலைக்கண்ணாடிகளும் கடிகாரங்களும். எங்களுக்குக் கிடைத்தது கடைசித் தடுப்பு. சாலையிலிருந்து பார்த்தால் அது இருப்பதே தெரியாது.

நானும் என் கணவர் தேவநாதனும் ஒரு வண்டிச் சாமானோடு அங்கே போய் இறங்கியது நல்ல வெயில் நேரம். வாசலைத் தாண்டியதும் கண் இருண்டது. எண்ணெய்ச் சிக்கும் மக்கிய கோணியும் கலந்த ஒரு வாடை முகத்தில் வந்து ஒட்டியது.

"காத்து வராது. மழையும் வராது. கிராக்கியும் அவ்ளோ சீக்கிரம் வராது," என்றார் இப்ராஹிம் ஷா. "அத நீதான் வரவழைக்கணும், தேவநாதா."

"வரவழைக்கிறேன் பாய். பாத்துக்கினே இருங்க," என்றார் என் கணவர்.

அதற்கு முன் அவர் விழுப்புரத்தில் ஒரு ரைஸ்மில்லில் கணக்கெழுதினார். மில் முதலாளி வெற்றிலையை மென்று, துப்பி, வாயைத் துடைத்துக்கொள்ளும்வரை கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்க வேண்டும். அதன் பிறகுதான் பேச்சு. ஒரு நாள் நிற்காமல் வந்துவிட்டார். இனி எவன் முன்னாலும் கை கட்டி நிற்பதில்லை என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். அதற்காகத்தான் இந்தக் கடை. கடை ஓடாவிட்டால் மறுபடியும் அந்த மில் வாசல்.

கடை ஓடவில்லை. பட்டணத்திலிருந்து புதுச்சேரி போகிற கார்க்காரர்கள் டீ குடிக்க நிற்பார்கள், முதல் இரண்டு தடுப்புகளோடு திரும்பிவிடுவார்கள். அவர்களைப் பார்த்தாலே எனக்கு வாய் கசக்கும். செத்தவன் வீட்டுச் சாமானைத் தடவித் தடவி, "அடடா, என்ன வேலைப்பாடு!" என்பார்கள். எவனோ நாற்பது வருஷம் எச்சில் துப்பிய பித்தளைப் படிக்கத்தை ஒரு பட்டணத்து அம்மாள் இரண்டு கையாலும் ஏந்தி, இதில் ரோஜாப்பூ வைத்தால் எப்படி இருக்கும் என்று மூக்கருகே கொண்டுபோனதை நானே பார்த்தேன். இந்த ஜனங்கள் வந்து வாங்க வேண்டும் என்றுதான் நாங்கள் தவம் கிடந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் விக்கிரவாண்டிக்கு மேற்கே ஒரு பண்ணை வீட்டில் சாமான் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். வீட்டுப் பெரியவர் செத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கூடத்தில் பிள்ளைகள் இருவரும் ஒரு அண்டாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மருமகள் எங்களைப் பின்பக்கம் அழைத்துப்போய், பெரியவரின் பிரம்புச் சாய்வு நாற்காலி, வெற்றிலைச் செல்லம், படிக்கம், கைத்தடி, பொடி டப்பா, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் காட்டினாள்.

"எல்லாத்தையும் எடுத்துக்கினு போயிடுங்க. இதெல்லாம் இருந்தா அவரு இருக்கற மாதிரியே இருக்குது."

"கருமாதியெல்லாம் ஆச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா ஆச்சு? மூத்தவரு படையல் எலை போடறதா, எளையவரு போடறதான்னு சண்டை. கடைசீல யாருமே போடல." அதைச் சொல்லும்போது அவள் நாற்காலியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சாமான் வந்த பிறகுதான் என் கணவருக்கு அந்த யோசனை பிறந்தது.

"எல்லாரும் குப்பை மாதிரி கொட்டி வெச்சிருக்கான். நம்ம தடுப்பு வீடு மாதிரி இருக்கணும், அம்சா. இப்பத்தான் யாரோ எழுந்து கொல்லப்பக்கம் போன மாதிரி."

தடுப்பைக் கழுவிக் கோலம் போடச் சொன்னார். நடுவில் சாய்வு நாற்காலி. அதன் கையில் மடித்த புது வேட்டி. பக்கத்தில் குத்துவிளக்கு, அதுவும் ஏற்றி வைத்து. முக்காலியில் மூடிய சொம்புத் தண்ணீர். தட்டில் கொழுந்து வெற்றிலை. பெரியவரின் மூக்குக் கண்ணாடியைக்கூடத் துடைத்து வைத்தார். அந்த இருட்டுக் கிடங்கில் விளக்கு வெளிச்சம் பித்தளையில் பட்டு மின்னியது. அழகாகத்தான் இருந்தது.

"இன்னாங்க இது? செத்தவங்களுக்குத்தான் இப்படி வெப்பாங்க. வேட்டி, வெளக்கு, தண்ணி, வெத்தலை. எலை ஒண்ணுதான் கொறை."

"எட்டாவது படிச்சவ பேசற பேச்சா இது?" என்று சிரித்தார். "கொறைன்னுட்ட இல்ல? அதையும் போட்டுடலாம்."

உடனே டீக்கடைக்குப் போய் ஒரு வாழை இலை வாங்கிவந்து நாற்காலிக்கு எதிரே விரித்தார். அவருக்குப் பிடிக்கும் என்று நான் கொண்டுவந்திருந்த மல்லாட்டை உருண்டைகளை அதில் வைத்தார். நாடகக்காரன் போல இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு.

"வாங்க பெரியவரே! உங்க புள்ளைங்க போடாத எலை. குந்திச் சாப்புடுங்க. சாப்டுட்டு நம்ம கடைக்கு நாலு கிராக்கிய இட்டுக்கினு வாங்க."

நான் தடுப்பதற்குள் இலையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, காக்காய்க்குக்கூட வெக்காம!"

"காக்கா இன்னா கட்டில் பீரோ வாங்கப் போவுதா?"

நாற்காலிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

மூக்கால் விடுகிற சிறிய மூச்சு.

ஹும்.

"இன்னாடி, மூக்கால பதில் சொல்ற?" என்றார்.

"நான் வாயையே தொறக்கலியே," என்றேன்.

வியாபாரம் அன்றுமுதல் ஏறியது. அதை நான் மறைக்கப் போவதில்லை. முதல் தடுப்போடு திரும்புகிறவர்கள் நேராகக் கடைசித் தடுப்புக்கு வந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பெரிய மனிதர் வீட்டுக்கு வந்தவர்களைப் போல ஓரமாக நின்றே பார்த்தார்கள், பேரம் பேசாமல் வாங்கினார்கள். சாய்வு நாற்காலியில் மட்டும் ஒருவரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. என் கணவர் தினமும் இலையை மாற்றினார், வெற்றிலையை மாற்றினார். அலங்காரம், ஜோடனை என்று சொல்லிக்கொண்டார்.

படிக்கத்தில் ரோஜா வைக்கிற அம்மாள் ஒரு நாள் மறுபடியும் வந்தாள். வெளியே நின்றபடியே, பார்த்துவைத்த ஒரு சாமானுக்காகத் தன் டிரைவர் அந்தோணிசாமியிடம் பணத்தைக் கொடுத்து உள்ளே அனுப்பினாள். நானும் என் கணவரும் அப்போது வாசலில் ஒரு அலமாரியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அந்தோணிசாமி போன வேகத்தில் திரும்பி வந்தான். கையில் பணம் அப்படியே இருந்தது.

"இன்னாப்பா, குடுக்கலியா?" என்றேன்.

"குடுத்தேங்கம்மா. உள்ள குந்தியிருக்கற பெரியவரு கையே நீட்டல. என்னை மேலேயும் கீழேயும் பாத்தாரு. ஹும்னாரு." அவனுக்குக் கோபம்தான், பயமில்லை. "நம்மள மனுசனாவே மதிக்க மாட்டாரு போல."

என் கணவர் அலமாரியைக் கீழே வைத்தார். கையைத் துடைக்கக்கூட மறந்து உள்ளே போனார்.

இப்ராஹிம் ஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் என் பக்கம் வந்தார். அவர் அப்படிக் குரலை அடக்கிப் பேசி நான் கேட்டதில்லை.

"அம்சா, அந்த நாற்காலி விக்கிரவாண்டிப் பண்ணையாருதா?"

"ஆமாங்க பாய்."

"வருஷா வருஷம் மல்லாட்டை வாங்க அவர்ட்ட போய் நின்னவன் நானு. வெல சொன்னா பதில் பேசமாட்டாரு. கட்டும், கட்டாது, எதுவும் இல்ல. மூக்கால ஒரு ஹும். அவ்ளோதான். வெத்தலைகூடத் தானா காம்பு கிள்ள மாட்டாரு. காலடியில ஒரு ஆளு குந்திக்கினு கிள்ளித் தரணும்." கடைசித் தடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்தார். "உன் வூட்டுக்காரனை வெளிய இழு, தங்கச்சி."

இழுக்க முடிந்ததா?

அவர் தடுப்புக்குள் உட்காருவதை நிறுத்திவிட்டார். மத்தியானம் நான் கூழ் கொண்டுபோனால் வெளியே, வேப்பமரத்தடிக்கு வந்து அவசரமாகக் குடித்தார். உள்ளே குடித்தால் என்ன என்று கேட்டதற்கு, "மரியாதையா இருக்காது," என்றார். ஒரு நாள் உச்சிவேளையில் போனபோது சாலையில் ஒரு வண்டி இல்லை, மற்றத் தடுப்புக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது. என் கணவர் நாற்காலிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க..."

"ஷ்ஷ்." திரும்பாமலே சொன்னார். "கண்ண மூடிக்கினு இருக்காரு."

நாற்காலியில் ஒன்றுமில்லை. பிரம்பு மட்டும் நடுவில் குழிந்திருந்தது. பொடி வாடை மூக்கைக் குத்தியது.

அதற்குப் பிறகு என் கணவர் வெற்றிலை கிள்ள ஆரம்பித்தார். அவருக்கு வெற்றிலை போடுகிற பழக்கமே கிடையாது, கிள்ளவும் தெரியாது. காம்போடு இலையும் ஒரு துண்டு கிழிந்து வரும். ஒவ்வொரு முறை கிழியும்போதும் நாற்காலியிலிருந்து அந்த மூச்சு. கிள்ளிய காம்புகளைத் தரையில் வரிசையாக வைப்பார். மில் முதலாளி முன்னால்கூட அவர் தரையில் உட்கார்ந்ததில்லை.

எனக்குப் பயம் போய் ஆத்திரம்தான் வந்தது. நாற்காலிக்கு நேரே போய் நின்றேன்.

"யோவ், உன் பெத்த புள்ளைங்களே ஒரு எலை போடல. அந்த லட்சணத்துல வாழ்ந்த ஆளு நீ. விளையாட்டுக்குப் போட்ட சோத்த தின்னுட்டு, போட்டவனையே வேலைக்கு வெச்சுக்கினியா? எழுந்து போய்யா!"

பிரம்பு முனகியது.

சாய்ந்திருந்த ஒருவர் மெல்ல முன்னால் குனிந்தால் எப்படி முனகுமோ, அப்படி.

என் கணவர் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். அவர் உள்ளங்கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. "பேசாத அம்சா, உனக்குப் புண்ணியமாப் போவுது. எனக்குத்தான் விழும்," என்று காதருகே கிசுகிசுத்தார். அன்று மாலை வீட்டில் சின்னப் பிள்ளை போல அழுதார். மறுநாள் நாற்காலியை வண்டியிலேற்றி விக்கிரவாண்டியிலேயே இறக்கிவிடுவது என்று பேசி முடித்தோம். வண்டியை நான் கொண்டுவருவதாகவும், அதுவரை அவர் கடைக்குள் போகாமல் வேப்பமரத்தடியிலேயே இருப்பதாகவும் ஏற்பாடு.

வண்டியோடு போனபோது வேப்பமரத்தடியில் அவர் இல்லை.

இப்ராஹிம் ஷாவும் நானும் உள்ளே போனோம். என் கணவர் நாற்காலியின் காலடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. இடது கையில் ஒரு வெற்றிலை. வலது கையின் இரண்டு விரல்களுக்கிடையே அதன் காம்பு. கீழே விழக்கூட இல்லை. எழுந்திருக்க உத்தரவு வராதவரைப் போல அப்படியே இருந்தார். தொட்டேன். விறைத்திருந்தது.

பக்கத்தில் இருந்த படிக்கத்தை பாய் எட்டிப் பார்த்தார். உடனே என்னைப் பிடித்து வெளியே தள்ளினார். அதற்குள் நானும் பார்த்துவிட்டேன். வெற்றிலை எச்சில், சிவப்பாக, இன்னும் நுரை அடங்காமல் இருந்தது.

மாரடைப்பு என்றார் டாக்டர். எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாற்காலியை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்த ரோஜாப்பூ அம்மாள் வந்து, "இதில் ஒரு களை இருக்கிறது," என்று சொல்லி ஆசையாக வாங்கிப் போனதாக பாய் சொல்லி அனுப்பினார். போகட்டும். அவள் வீட்டுக் கூடத்தில் அது வெறும் நாற்காலியாகத்தான் இருக்கும். பண்ணையார் அதோடு போகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது விழுப்புரத்தில் என் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறேன். வருஷந்தோறும் என் கணவர் செத்த திதியில் நானே சமைத்து இலை போடுகிறேன். வேட்டி, விளக்கு, தண்ணீர். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, நிறைய வெல்லம் போட்டு மல்லாட்டை உருண்டை. எல்லாம் வைத்துவிட்டு, எங்கள் வழக்கப்படி கதவைச் சாத்தி, வந்தவர் சாப்பிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் வெளியே நிற்பேன். அந்த நேரத்தில் உள்ளேயிருந்து அந்த மூச்சு கேட்கும். என் குழம்பும் அந்தப் பண்ணையாருக்கு மட்டம்தான்.

கதவைத் திறந்தால் உருண்டைகள் வைத்தது வைத்தபடி இருக்கும். ஒன்றைக்கூட என் கணவர் தொட்டிருக்க மாட்டார். தரையில், இலைக்கு எதிரே, வெற்றிலைக் காம்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கிழிந்த இலை ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தப் படையலில் நான் ஒரு வருஷமும் வெற்றிலை வைத்ததில்லை.