முதல் நான்கு விநாடி

டிரம்மர் வீட்டுக் கதவை நான் தட்டியபோது பிற்பகல் மூன்று மணி. பையில் அவருடைய கடைசி ஒலிப்பதிவு இருந்தது. பழைய நாடாக்களில் இருக்கும் இரைச்சலை நீக்கிக் கொடுப்பது என் வேலை. இந்த வேலை நன்றாக வந்திருப்பதாகத்தான் நினைத்தேன். எறும்பு தும்மினாலும் உன் காதுக்குக் கேட்கும் என்று ஸ்டுடியோ நடத்தும் அண்ணன்கூடக் கேலியாகப் பாராட்டியிருந்தார்.

டிரம்மரின் மனைவி கதவைத் திறந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கணவர் இறந்து எட்டு மாதம், அன்றிலிருந்து தூக்கமே இல்லை என்று நாடாவைக் கொண்டுவந்த அன்றே சொல்லியிருந்தார்.

“நீ உள்ள வாம்மா. அவர் ரூம்லயே கேக்கலாம்.”

அந்த அறையில் துருவும் மர மெருகும் கலந்த வாசனை. நடுவில் ஸ்டாண்டின் மேல் ஸ்னேர் டிரம் என்னும் தட்டையான சின்ன மேளம். அதன்மேல் குச்சிகளுக்குப் பதிலாக இரண்டு பிரஷ்கள், மெல்லிய கம்பிகள் விசிறிபோல் விரிந்தவை. டிரம்மின் சொரசொரப்பான வெள்ளை முகத்தில் சாம்பல் நிறமாக ஒரு வட்டத் தடம்.

பதிவை ஓடவிட்டேன். பியானோ கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. டிரம்மின் ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாகக் கேட்டது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, ஒரு நிமிடத்தில் திறந்துவிட்டார்.

“தட்டுறது இருக்கு. தேய்க்கிறது எங்கம்மா?”

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு பிரஷை எடுத்துக் காட்டினார். கணவரின் வலது கைதான் தட்டுமாம். இடது கை கம்பியைத் தூக்காமல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்குமாம். என்ன, மாவு சலிக்கிறீங்களா என்று இவர் கேலி செய்வாராம். ஆனால் அந்தச் சத்தத்தில்தான் முப்பது வருடம் தூங்கியிருக்கிறார்.

“வலது கை ஊருக்கு வாசிச்சுது. இடது கை எனக்கு.”

பதிவை நிறுத்தினேன்.

இரைச்சலை நீக்க வேண்டுமென்றால், எது இரைச்சல் என்று மென்பொருளுக்கு முதலில் காட்ட வேண்டும். யாரும் வாசிக்காத ஒரு சின்னத் துண்டைத் தேர்ந்தெடுத்து, இதை எல்லா இடத்திலிருந்தும் கழித்துவிடு என்று சொல்ல வேண்டும். பியானோ தொடங்குவதற்கு முன்னால் நான்கு விநாடி வெறும் ‘ஷ்ஷ்’ இருந்தது. நாடாவின் இரைச்சல் என்று நினைத்து அதைக் காட்டினேன்.

அந்த நான்கு விநாடியும் டிரம்மர் இடது கையால் தனியாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மூலமும் இல்லை. நாடா ஒரே ஓட்டத்தில் பழுப்புத் தூளாக உதிர்ந்துவிட்டது. கணினியில் இருந்த ஒரே கோப்பின் மேலேயே நான் சுத்தம் செய்ததைச் சேமித்திருந்தேன். எல்லாவற்றையும் தலை நிமிராமல் சொன்னேன்.

அந்த அம்மா திட்டவில்லை. தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். சமையலறையில் குழாயைத் திறக்கும் சத்தம். தலைக்கு மேலே மின்விசிறி.

குழாயின் சத்தம் நின்றது. மூடிவிட்டார் போல என்று நினைத்தேன். அடுத்து விசிறியின் சத்தம் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காற்று முகத்தில் பட்டது. ஓசை மட்டும் இல்லை.

தெருவில் போன வண்டிகளின் இரைச்சலும் மறைந்தது. சுவர்க் கடிகாரத்தின் டக், டக் மட்டும் மிகச் சுத்தமாகக் கேட்டது. எனக்கு இந்த அமைதி பழக்கமானது. நான் செய்துகொடுக்கும் அமைதி இதுதான்.

யாரோ கழித்துக்கொண்டிருந்தார்கள்.

மூச்சை இழுத்தேன். மூச்சின் ஓசை கேட்கவில்லை.

மறுபடி இழுத்தேன். காற்றே உள்ளே வரவில்லை.

அம்மா என்று கூப்பிடப் பார்த்தேன். உதடு ஒட்டிப் பிரியும் சின்னச் சத்தம் மட்டும் வந்தது. கண் இருட்டியது. அப்போது என் இடது கை பிரஷை எடுத்தது. நான் ஒரு பேனாவைக்கூட இடது கையில் பிடித்ததில்லை. கம்பிகள் அந்தச் சாம்பல் தடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தன. மணிக்கட்டைச் சுற்றி ஏதோ சில்லென்று பிடித்திருந்தது.

ஷ்ஷ்...

காற்று உள்ளே வந்தது.

ஷ்ஷ்... விசிறியின் சத்தம் திரும்பியது. பிறகு தெரு. பாதி வட்டத்துக்கு மூச்சு உள்ளே, மீதி வட்டத்துக்கு வெளியே. கையை நிறுத்தினால் மூச்சும் நின்றது. இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தேன். மூன்றாவது தடவைக்குத் துணிச்சல் வரவில்லை.

அவர் தண்ணீரோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். பார்வை என் முகத்தில் இல்லை. என் இடது தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மேலே இருந்தது.

“நிறுத்திடாதீங்க,” என்றார் மெதுவாக.

அதுவரை என்னை நீ என்றுதான் பேசியிருந்தார்.

நாற்காலியில் சாய்ந்த சில நிமிடங்களில் தூங்கிப்போனார். நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். தோள் எரிந்தது, விரல் மரத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து மணிக்கு அவர் கண் விழித்தார். அந்த நொடியே மணிக்கட்டின் பிடி விட்டது.

“நான் முழிச்சதும் நிறுத்திடுவார்,” என்றார் சிரித்தபடி.

நேராக ஸ்டுடியோவுக்கு ஓடி, கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். பியானோவுக்கு அடியில், பதிவு முழுக்க, ஷ்ஷ்... ஷ்ஷ்... திரும்ப வந்திருந்தது. கதவருகே நின்று கேட்ட அண்ணன், இரைச்சலை அப்படியே விட்டுவிட்டாயே, காது எங்கே போச்சு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். நான் பதிவை முதலிலிருந்து போட்டேன்.

முதல் நான்கு விநாடியில் மட்டும் அந்தத் தேய்ப்பு இல்லை. அங்கே யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம் இருந்தது. உதடு ஒட்டிப் பிரியும் ஒரு சின்னச் சத்தமும் இருந்தது.

அது நான்.

திரையில் அந்த நான்கு விநாடி நீலமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அதன் கீழே மென்பொருள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: இதை எல்லா இடத்திலிருந்தும் கழித்துவிடவா?

என் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன.

தலைக்கு மேலே விசிறியின் சத்தம் நின்றது.