அந்தப் பக்கம் பிடிக்க ஆள்

பலகையின் கடைசி இரண்டு அங்குலத்தில் பள்ளம் இல்லை. அதைத் தடவிப் பார்த்த லோகநாதன் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். மற்றவர்களெல்லாம் இல்லாத ஒன்று இருப்பதாகத் தோன்றினால் பயப்படுவார்கள். இருக்க வேண்டிய ஒரு பள்ளத்தைக் காணோமே என்று நடுங்கியவன், செம்பாக்கம் ஏரிப் பக்கம் அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

இருந்தே ஆக வேண்டிய பள்ளம் அது. மேசைமேல் வைக்கிற, மரம் இழைக்கும் பிளேனரில் பலகையை இந்தப் பக்கம் விட்டால், உருளைகள் அதை இழுத்துக் கத்திக்கு அடியில் கொடுத்து, ஒரே கனமாக இழைத்து அந்தப் பக்கம் தள்ளும். முக்கால்வாசி வெளியே போனதும் பலகையின் தலை தாழும், வால் எழும்பும், எழும்பிய வாலைக் கத்தி ஒரு கடி கடிக்கும். விலை உயர்ந்த மெஷின் நாசூக்காகக் கடிக்கும், மலிவானது தெருநாய் மாதிரி கடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்று பலகையைத் தாங்கிப் பிடித்தால் மட்டும் கடி விழாது.

அந்தப் பக்கம் ஆள் இல்லை. ஆறடி காலித் தரை, அதற்கப்பால் கார் ஷெட்டின் சுவர், சுவரில் போன வருஷத்துக் காலண்டர்.

இந்த மெஷினைத் தேர்ந்தெடுக்க அவன் பட்ட பாட்டை அவன் மனைவி ஜீவிதா, அபார்ட்மெண்ட் முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தாள். சிறுசேரியில் மென்பொருள் டெஸ்டிங் வேலை அவனுக்கு. அடுத்தவன் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அந்தப் புத்தியோடு நாற்பத்திரண்டு வீடியோ பார்த்தான். எக்செல் ஷீட்டில் பத்தொன்பது கட்டம் போட்டான். கத்தி இரண்டா மூன்றா, எத்தனை அங்குல அகலம், எவ்வளவு சத்தம், எவ்வளவு கடி.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இருபது நிமிஷத்துல ஓகே சொன்ன லோகு. ஒரு மெஷினுக்கு ஒரு மாசமா?"

"உனக்கு ரிவ்யூ எதுவும் கிடைக்கலையே ஜீவி."

இப்படி எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பது அவன் வழக்கம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இரண்டு தடவை மூன்றாம் மாதம் வரை வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு ஆட்டோவில் திரும்பியிருக்கிறார்கள். அந்த இரண்டு ஆட்டோ பயணத்திலும் அவன் ஜோக் அடித்திருக்கிறான். இப்போது எட்டாம் மாதம். குழந்தை பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வாங்கக் கூடாது என்று அவள் அம்மா போனில் எச்சரித்தபோது, "வாங்கத்தானே கூடாது? செய்யக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்று வக்கீல் மாதிரி வாதாடி, நாலு பக்கமும் தடுப்பு வைத்த குழந்தைக் கட்டில் ஒன்றைத் தன் கையாலேயே செய்வது என்று இறங்கிவிட்டான். வழவழவென்று இருக்க வேண்டும். ஒரு மரச் சிலாம்பு கூடக் குத்தக் கூடாது. இந்தத் தடவை எதுவும் கை நழுவக் கூடாது.

மெஷின் கிடைத்தது கீழ்க்கட்டளையில். விளம்பரம் கொடுத்திருந்தவர் ஜெரோம், வயது அறுபதைத் தாண்டியவர். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் மெஷினை ஓட்டிக் காட்டினார். பலகை இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து, தலை தாழாமல், மட்டமாக நின்றது. லோகநாதன் அதன் வாலைத் தடவிப் பார்த்தான்.

"கடிக்கவே இல்லையே! எப்படி சார் செட் பண்ணீங்க?"

"செட்டிங்லாம் ஒண்ணும் கெடையாது சார். எப்பவும் அந்தாண்ட எங்க வூட்டம்மா நிப்பா, ஸ்டெல்லா. இந்தச் சத்தத்துல இன்னாத்த பேசுறது? பலகையிலதான் பேச்சு. அவ ஒரு இழுப்பு இழுத்தான்னா, 'புடிச்சுக்கினேன், நீ வுடு'ன்னு அர்த்தம். ரெண்டு இழுத்தா, 'இரு, இன்னும் கீது'ன்னு அர்த்தம்."

"மேடம் இப்ப...?"

"போன நவம்பர்ல கர்த்தர்கிட்ட போய்ட்டா." ஜெரோம் மெஷின் மேலிருந்த தூளைத் துண்டால் தட்டினார். "நானு அடுத்தவங்களுக்குத் தொட்டில் செய்வேன், அவ புடிப்பா. அதுல ஒண்ணுல கொழந்தையப் போடறதுக்கு எங்களுக்குக் குடுத்து வைக்கல." பிறகு கேட்டார். "உங்க வூட்ல அந்தாண்ட புடிக்க ஆள் கீதா சார்?"

அந்தக் கேள்வியை லோகநாதனால் தாங்க முடியவில்லை. தாங்க முடியாத இடத்தில் அவன் வாய் தானாகத் திறக்கும்.

"எங்க சார், அவங்களுக்கு எட்டு மாசம். நீங்க ஆளையும் சேத்தே அனுப்பி வச்சுடுங்க."

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜெரோம் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. மெஷினுக்கு அந்தப் பக்கம், ஒரு பெண்ணின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

"சரி, கூட்டிகினு போங்க" என்றார். "வேலை முடிஞ்சதும் 'போதும்'னு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். சொல்லலன்னா நின்னுகினே இருப்பா, பாவம்."

கிழவரின் துக்கம் என்று நினைத்துக்கொண்டான். பின் சீட்டில் மெஷினை ஏற்றி சீட் பெல்ட்டும் மாட்டிவிட்டான், தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி. மேடவாக்கம் சிக்னலில் நிற்கும்போது மரத்தூள் வாசனைக்கு நடுவே முகப் பவுடர் வாசனை லேசாக அடித்தது. கண்ணாடியை இறக்கிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான் முதல் பலகையை இழைத்தான். வடகிழக்குப் பருவமழை காலையிலிருந்தே பிடித்துக்கொண்டு, ஏரி நிறைந்த பச்சை நாற்றம் தெருவெல்லாம் ஏறி வந்து, மூன்று மணிக்கே ஆறு மணி மாதிரி இருட்டி, தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் மெஷினின் அலறலும் ஒன்றில் ஒன்று கரைந்து, காதில் மாட்டிய அடைப்பானுக்குள் வெறும் ஒரு நடுக்கமாக மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஜீவிதா மூன்றாவது மாடியில் தூங்கினாள். கீழே அவன் மட்டும்.

பள்ளம் இல்லை. ஒரு பலகையில் இல்லாவிட்டால் அதிர்ஷ்டம். டெஸ்டிங்காரன் அதிர்ஷ்டத்தை நம்ப மாட்டான், மறுபடியும் ஓட்டிப் பார்ப்பான். இரண்டாவது பலகையை விட்டான். உருளை பற்றியது. கத்தி கடகடத்தது. பலகை பாதி உள்ளே போனது, முக்கால் போனது, அவன் கையில் வால் மட்டும் மிச்சம் இருந்தபோது, பலகை வழியாக விரல்களுக்கு வந்தது.

ஒரு இழுப்பு.

மெஷினின் இழுப்பு சீராக இருக்கும். இது சீராக இல்லை. மென்மையாக இருந்தது. தெரிந்த ஒருவர் முழங்கையைத் தொடுகிற மாதிரி.

விட்டான். பலகை மட்டமாக நகர்ந்து போனது. வாலில் பள்ளம் இல்லை.

மூன்று பலகை. நாலு. ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு இழுப்பு. கடைசிப் பலகை உள்ளே பாதி போயிருக்கும்போது கரண்ட் போயிற்று. மெஷின் முனகி அடங்கியது. மழை மட்டும். உருளை நின்ற பிறகு பலகை அசையக் கூடாது.

அசைந்தது. இரண்டு இழுப்பு.

இரு. இன்னும் இருக்கிறது.

செல்போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தான். அந்தப் பக்கத் தரை முழுக்க மெஷின் துப்பிய மரச்சுருள், கணுக்கால் உயரத்துக்கு, வெள்ளையாக. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் சுருள் விழவில்லை. சின்னப் பாதங்கள். வெறும் சிமெண்டுத் தரையாக, பெருவிரல் உட்படத் தெளிவாக. அவனைப் பார்த்தபடி.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினான். 'போதும்' என்று சொல்லவில்லை.

மறுநாள் வெயிலில், வெட்கத்தோடு, போய்ச் சொன்னான். மெஷினுக்குத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு அதைப் பார்த்து மூன்று தடவை சொன்னான். "என்ன சார், மெஷினோட சண்டையா?" என்று வாட்ச்மேன் ஜெயவேலு கேட்டார். "டைவர்ஸ்" என்றான். சிரித்துக்கொண்டார்கள். சுருளைப் பெருக்கி அள்ளியபோது பாதங்கள் போய்விட்டிருந்தன. நல்லது என்று நினைத்தான். எங்கே போயின என்று அவன் யோசிக்கவில்லை.

கட்டில் அழகாக வந்தது. அத்தனை வழவழப்பு. படுக்கையறையில் பூட்டி நிறுத்தினான். அன்று ராத்திரி ஜீவிதா மூக்கை உறிஞ்சினாள். "பவுடர் போட்டியா லோகு? சூப்பரா வாசனை வருது."

அவன் கட்டிலை வெளியே இழுக்கப் பார்த்தான். "ஏன், செஞ்சது நீதானே? எவ்ளோ ஆசையா செஞ்ச" என்று அவள் அதன் தடுப்பைத் தடவிக்கொண்டே கேட்டாள். அவன் கட்டிலைத் திரும்பச் சுவரோடு ஒட்டத் தள்ளிவிட்டான்.

குழந்தை பிறந்தது. பெண். இரண்டே முக்கால் கிலோ. இருவரும் ஆஸ்பத்திரியில் அழுத அழுகையில் நர்ஸ் பயந்துபோனாள். வீட்டுக்கு வந்த முதல் பத்து நாளும் ஏதேதோ சாக்குச் சொல்லிக் குழந்தையைத் தங்களுக்கு நடுவிலேயே படுக்க வைத்தான். பத்தாம் நாள் சாயங்காலம் ஜீவிதா கடிந்துகொண்டாள். "நீ புரண்டு படுத்தா என்ன ஆகும்? கட்டில்ல போடு. நான் தலைக்கு ஊத்திட்டு வரேன்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். மழை மறுபடியும். குழந்தை தூங்கவில்லை, விழித்திருந்தது. துணியில் சுற்றிய அந்தச் சின்னக் கனத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி, கட்டிலின் இந்தப் பக்கம் நின்றான். எதிர்ப்பக்கத் தடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. அந்த இடத்தை அவன் விட்டுவைக்கவில்லை. சுவரோடு ஒட்டித்தான் போட்டிருந்தான்.

பவுடர் வாசனை.

"போதும்" என்றான். மறுபடியும் சொன்னான். "போதும். ரொம்ப நன்றிங்க. போதும்."

குழந்தை அவனைப் பார்க்கவில்லை. எதிரே, தடுப்புக்கு மேலே, ஒரு பெண்ணின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் பார்த்தது. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

நெஞ்சோடு சேர்த்து அணைக்கப் பார்த்தான். வரவில்லை. துணியின் மறுபக்கம், குழந்தையின் தலைக்கு அடியில், அவனுடையதல்லாத விரல்களின் பள்ளம். நாலு. பிறகு எட்டு. முரட்டுத்தனமே இல்லாத பிடி. ஒரு பலகையின் வாலைக் கூடக் கடிபட விடாத பிடி.

கைகளில் கனம் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு இழுப்பு.