வாழையடி மண்

கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கம் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. தணிகாசலம் வெளியிலிருந்து தட்டினார். நூல் சுருங்கி, நகர்ந்தது.

நர்ஸ் வேலைக்குத் துபாய் போன மகள் தமிழ்நிலா மந்தைவெளி வீட்டில் விட்டுப் போனது அந்தப் பெட்டியும், அதற்குள் அவள் ஆசையாய் வளர்த்த பச்சைத் தவளையும்தான். தினம் ஏழு மணிக்கு வீடியோவில் வருவாள். அப்பா சாப்பிட்டாரா என்று ஒரு கேள்வி, மீதியெல்லாம் தவளை. அது செத்தால் போன் எதற்கு அடிக்கும்? அவருக்கே தெரியும்.

பெட்டிக்குள் போட விற்கும் கடை மண்ணை அவர் நம்பவில்லை. பொட்டலத்தில் இன்னாத்தைக் கலந்து வைத்திருக்கிறான்களோ. மகளிடம் சொல்லாமல் கொல்லை வாழையடி மண்ணை அள்ளிப் போட்டார். அதோடு வந்தது இந்தப் புழு.

வண்ணமீன் கடை வலியுல்லாவிடம் கேட்டார்.

"உப்பு போட்றாத நைனா, மருந்தும் வாணாம். தவள தோலாலதான் தண்ணி குடிக்கும், உப்பு ஏறுனா செத்துப் பூடும். வெள்ளரித் துண்டு வெச்சி, மொய்க்கிறத எடுத்துப் போடு. மொதல்ல மண்ண மாத்து."

"அது என் ஊட்டு மண்ணு. அதுல இன்னா கொற?" என்று எழுந்து வந்துவிட்டார்.

முதல் நாள் வைத்த வெள்ளரித் துண்டின் அடியில் நாலு புழு. மறுநாள் ஒரு பிடி. நாலாம் நாள் மழை விடாமல் பெய்து கரண்ட்டும் போய், ஈரச் சுவரும் அழுகிய தழையும் ஒன்றாக நாறிய சாயங்காலத்தில், பறக்கும் ரயிலின் தடதடப்பும் தூரத்தில் தேய்ந்து அடங்கிய பிறகு, டார்ச் அடித்துத் துண்டைத் தூக்கினார்.

ஒன்றுகூட இல்லை.

மண்ணைக் கிளறினார். அதிலும் இல்லை.

மூலையில் தவளை உட்கார்ந்திருந்தது. தூக்கினார். எலும்பு தட்டவில்லை. தோல்தான். உள்ளே நெளிந்தது.

கீழே வைத்தார். போன் அடித்தது.

"எங்கப்பா என் தங்கம்? காட்டு."

பெட்டிக்குள் போனை நீட்டினார். டார்ச் வெளிச்சத்தில் பச்சைத் தோல் உப்பியது. தாழ்ந்தது. உப்பியது.

"நல்லா மூச்சு வுடுதுப்பா. குண்டாயிக்கிது."

"ஆமாம்மா."

"இன்னும் கிட்ட."

நீட்டினார். தவளையின் வாய் மெல்லத் திறந்தது. நாக்கு இல்லை. வெள்ளை. ஒவ்வொன்றாய் வெளியே வந்து, அவள் குரல் வந்த பக்கம் திரும்பின. அவர் கட்டைவிரலில் ஏறின. நகக்கண்ணைத் தேடின.

மழையில் வீடியோ உறைந்து நிற்க, தமிழ்நிலா பேசிக்கொண்டே இருந்தாள்.

அவர் கையை எடுக்கவில்லை.