கழுத்தில்லாத ஒட்டகச்சிவிங்கி

1988ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், லண்டன் ஹரோவில் இருந்த ஒரு சின்ன நூலகத்தின் சுவரில் இருபத்து நான்கு ஒட்டகச்சிவிங்கிகள் வளர்ந்தன.

எல்லாம் காகித ஒட்டகச்சிவிங்கிகள்தாம். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளைக்கு உரியது. ஒரு புத்தகத்தை வாசித்து முடித்தால், நூலகர் மிஸ் பார்க்கர் ஒரு மஞ்சள் காகிதத் துண்டை அதன் கழுத்தில் ஒட்டுவார். கழுத்து மூன்று விரல் அளவு நீளும். ஆறு வாரம் முடியும்போது யாருடைய கழுத்து மிக நீளமோ, அவருக்கு மேயர் வந்து பதக்கம் அணிவிப்பார்.

சிவமலருடைய ஒட்டகச்சிவிங்கி மூன்றாவது வாரத்திலேயே சுவர்க் கடிகாரத்தைத் தாண்டிவிட்டது. அவளுக்குத் துண்டு ஒட்ட மிஸ் பார்க்கர் முக்காலியில் ஏறவேண்டியிருந்தது.

பத்து வயதுச் சிவமலரிடம் இதற்கென்றே ஒரு முறை இருந்தது. ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுப்பாள். முதல் பக்கத்தை வாசிப்பாள். கடைசிப் பக்கத்தை வாசிப்பாள். நடுவில் படங்களைப் புரட்டுவாள். ஐந்து நிமிடத்தில் ஒரு புத்தகம் முடிந்தது!

துண்டு ஒட்டுமுன் மிஸ் பார்க்கர் கேட்பார்: "இதில் உனக்கு என்ன பிடித்தது?"

அதற்கும் அவள் மூன்று பதில் வைத்திருந்தாள். 'படங்கள்', 'முடிவு', 'அந்த நாய்'. மாற்றி மாற்றிச் சொல்வாள். ஒரு நாள் நாயே இல்லாத புத்தகத்துக்கு "அந்த நாய்" என்று சொல்லிவிட்டாள். மிஸ் பார்க்கர் கண்ணாடிக்கு மேலால் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு முக்காலியில் ஏறினார்.

வீட்டில் அம்மா தவநாயகி கண்ணாடி அலுமாரியில் பதக்கத்துக்கு இப்போதே இடம் ஒதுக்கிவிட்டார். பீங்கான் வாத்துகள் இரண்டும் கீழ்த்தட்டுக்குப் போயின.

"போன வருசம் டொக்டர் சுந்தரராஜன்ர மகளுக்குக் கிடைச்சதாம்," என்று தொலைபேசியில் யாருக்கோ சொன்னார். "இந்த முறை எங்கட பிள்ளைக்குத்தான். கழுத்து கூரையில முட்டப்போகுது!"

மறுமுனையில் இருந்தவர் பயந்திருக்க வேண்டும். "ஐயோ, பிள்ளையின்ர கழுத்து இல்லையப்பா, ஒட்டகச்சிவிங்கியின்ர!" என்று அம்மா விளக்கினார்.

அந்த இருபத்து நான்கில் ஒன்றுக்கு மட்டும் கழுத்தே இல்லை. தலை நேராக உடம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. நூலகத்துக்கு வரும் பிள்ளைகள் அதைப் 'பன்றி' என்றார்கள். சிலர் 'ஆமை' என்றார்கள்.

அது யாக்கோப்புவுடையது.

யாக்கோப்பு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு வீடு தள்ளிப் பெரியப்பாவோடு இருந்தான். சிவமலரைவிட ஒரு வயது மூத்தவன். "அவனையும் லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு போ, பிள்ளை," என்று அம்மா சொன்னதால் முதல் நாளே அவனை அழைத்துப் போயிருந்தாள். அவன் அலுமாரிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கடைசியில், செங்கல்லைப் போல ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

"உனக்குப் பைத்தியமா? எழுநூறு பக்கம்!" என்றாள் சிவமலர்.

"இதுக்குக் காசு குடுக்க வேணுமோ?"

"இல்லை, சும்மாதான்."

"அந்த மெல்லிசுப் புத்தகத்துக்கு?"

"அதுவும் சும்மாதான்."

"ரெண்டும் சும்மா எண்டா, ஆராவது மெல்லிசை எடுப்பினமோ?"

சிவமலர் தன் ஒல்லிப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அது எங்கோ ஒரு குளிர்நாட்டுக் கதை. வேறு ஏதோ மொழியில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்கு வந்தது. யாக்கோப்புவுக்கோ ஆங்கிலம் பாதிதான் தெரியும். பெரியப்பாவின் அட்டை கிழிந்த அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வாசித்தான். தெரியாத சொற்களைப் பேனாவால் கையில் எழுதிக்கொண்டான். மாலையாகும்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சொற்களாக இருக்கும். பெரியம்மா தேய்த்துக் கழுவிவிடுவார். மறுநாள் மறுபடியும் புதுச் சொற்கள் முளைக்கும்.

"எத்தினை பக்கம் முடிச்சாய்?" என்று ஒரு நாள் நூலகத்துக்கு நடக்கும்போது சிவமலர் கேட்டாள்.

"பத்து."

"ஒரு நாளைக்கா?"

"ஓம். ஆனா என்ன பத்துப் பக்கம் தெரியுமோ!" அவன் தெருவிலேயே நின்றுவிட்டான். "ஆமிக்காரர் ஊருக்கு வரப் போறாங்கள். கோயில் மணியைக் கழட்டிக்கொண்டு போய் உருக்கி, பீரங்கி செய்யப் போறாங்களாம். ஊரில இருக்கிறது முழுக்கக் கிழடுகள். மார்த்தா எண்டு ஒரு பெட்டை, உன்ர வயசுதான். அவள் என்ன செய்தவள் தெரியுமோ?"

"என்ன செய்தவள்?"

"நாளைக்குத்தான் தெரியும். இண்டைக்குப் பத்துப் பக்கம் முடிஞ்சுது."

சிவமலருக்கு வந்த கோபத்தில் அன்று இரண்டு புத்தகங்களைக் கூடுதலாக முடித்தாள். ஒன்றில் ஒரு பன்றிக்குட்டி வந்தது. மற்றதில் என்ன வந்தது என்று அவள் பார்க்கவில்லை.

மறுநாள் அவனுக்கு முன்னாலேயே வாசலில் போய் நின்றாள். "பிறகு?" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். போகிற வழியில் பத்துப் பக்கம் கதை. யாக்கோப்பு குதிரையைப் போலக் கனைத்தான். கிழவிகளைப் போல இருமினான். ஆமிக்காரர் சப்பாத்துக் காலோடு நடக்கும் சத்தத்துக்காக ஒரு கடைக்காரரின் இரும்புத் தட்டியில் கையால் தட்டி, அவரிடம் ஏச்சும் வாங்கினான். தினமும் அகராதியோடு மல்லுக்கட்டுகிறவன் இவன்தானா என்று சிவமலருக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்து நிமிட வழி போதவில்லை. அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

ஆனால் நூலகத்துக்குள் நுழைந்ததும் 'ஆமை வருது, ஆமை வருது' என்று பிள்ளைகள் முணுமுணுப்பது அவளுக்குக் கேட்டது. யாக்கோப்புவுக்கும் கேட்டது. அவன் கழுத்தைக் குறுக்கிக்கொண்டான்.

ஆறாவது வாரம் அவளால் பொறுக்க முடியவில்லை. பன்றிக்குட்டிப் புத்தகத்தை அவனிடம் நீட்டினாள்.

"இதை எடு. பன்னிரண்டு பக்கம்தான். ஒரு துண்டாவது ஒட்டுப்படட்டும்."

"இதில என்ன நடக்குது?"

"பன்றி வரும். கடைசியில நித்திரை கொள்ளும்."

"நடுவில?"

"தெரியாது. மிஸ் கேட்டா 'படங்கள் நல்லாயிருக்கு' எண்டு சொல்லு. போதும்."

யாக்கோப்பு புத்தகத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். "மார்த்தா ஆத்துக்கு நடுவில நிக்கிறாள், மலர். அவளை அங்கை விட்டிட்டு நான் எப்பிடிப் பன்றியைப் பாக்கப் போறது?"

கோடை முடிந்தது. கடைசிச் சனிக்கிழமை நூலகத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அம்மா பட்டுச்சேலை உடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாக்கோப்பு முழுக்கைச் சட்டை போட்டு, செங்கல் புத்தகத்தையும் அகராதியையும் மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தான்.

மேயர் பருமனான, சிரித்த முகத்துப் பெண்மணி. கழுத்தில் பெரிய தங்கநிறச் சங்கிலி. சுவரைப் பார்த்தவர் கைகொட்டினார்.

"எவ்வளவு அழகு! ஐயோ, இந்த மூலையில் இருப்பதற்கு என்ன ஆயிற்று? கழுத்தை யாராவது சாப்பிட்டுவிட்டார்களா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிவமலர் திரும்பிப் பார்த்தாள். யாக்கோப்பு சட்டைக் கையை விரல்நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"நாற்பத்தொரு புத்தகங்கள்!" என்று மிஸ் பார்க்கர் அறிவித்தார். "சிவமலர்!"

கைதட்டல் கேட்டது. சிவமலர் முன்னே போனாள். மேயர் பதக்கத்தை எடுத்தார். நீல நாடாவில் அது பளபளத்தது. ஆறு வாரமாக அவள் கனவு கண்ட அதே பளபளப்பு.

"நாற்பத்தொன்றில் உனக்கு மிகவும் பிடித்தது எது? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லேன்," என்றார் மேயர்.

சிவமலர் வாயைத் திறந்தாள். நாற்பத்தொரு புத்தகங்களும் அவள் தலைக்குள் ஒன்றோடொன்று மோதின. ஒரு பன்றி ரயில் ஓட்டியது. ஒரு சிங்கத்துக்குப் பிறந்தநாள். சந்திரனில் யாரோ கேக் சாப்பிட்டார்கள். எது எந்தக் கதை? யார் யார்?

'அந்த நாய்' என்று சொல்லிவிடலாம். சொன்னால் பதக்கம் கழுத்துக்கு வந்துவிடும். அம்மாவின் முகம் பூரித்துப் போயிருந்தது.

"எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை," என்றாள் சிவமலர். குரல் சின்னதாக வந்தது. "முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் வாசித்தேன். நாய் இல்லாத புத்தகத்திலும் நாய் என்று சொன்னேன்."

அம்மாவின் கைப்பை மடியிலிருந்து வழுக்கி விழுந்தது.

"ஆனால் ஒரு கதை எனக்கு முழுக்கத் தெரியும்," என்றாள் அவள் அவசரமாக. "மார்த்தா என்று ஒரு பெண். ஊரில் ஒரு மணி."

அவள் சொல்லத் தொடங்கினாள். மணியின் நாக்கை மார்த்தா போர்வையால் சுற்றிக் கட்டியதைச் சொன்னாள், ஒரு சத்தமும் வரக்கூடாதே! மணியை ஏற்றிய சறுக்குவண்டியில் ஒற்றைக்கண் குதிரையைப் பூட்டியதைச் சொன்னாள். உறைந்துபோன ஆற்றைக் கடந்து அக்கரைக் காட்டில் மணியை ஒளிக்க வேண்டும். குளிர்காலமோ முடிகிற நேரம். யாக்கோப்புவைப் போலவே அவளும் கனைத்தாள், இருமினாள். மேசையில் தட்டிச் சப்பாத்துச் சத்தம் எழுப்பினாள்.

"நட்டாற்றில் ஒரு சத்தம். டிக்! மார்த்தா கீழே பார்க்கிறாள். பனிக்கட்டியில் ஒரு வெடிப்பு, நூல் மாதிரி. கயிற்றை அறுத்தால் குதிரை தப்பும், மணி ஆற்றுக்குள் போய்விடும். அறுக்காவிட்டால் எல்லோரும் போய்விடுவார்கள். அவள் கத்தியை எடுக்கிறாள்..."

சிவமலர் நிறுத்தினாள்.

"பிறகு?" என்றார் மேயர். பதக்கம் அவர் கையில் தொங்கியபடி இருந்தது.

"எனக்குத் தெரியாது. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்வரைதான் வந்திருக்கிறோம்." அவள் பின்வரிசையைக் காட்டினாள். "நான் வாசிக்கவில்லை. அவன்தான் வாசித்தான், அகராதியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து. கழுத்தில்லாத அந்த ஒட்டகச்சிவிங்கி அவனுடையது."

எல்லாத் தலைகளும் திரும்பின. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. 'ஆமை' என்று கேலி செய்த பையன்கூட நாற்காலியில் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தான்.

"அறுத்தாளா?" என்று அவன் கேட்டான்.

யாக்கோப்பு எழுந்து நின்றான். காதுகள் சிவந்திருந்தன. தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொன்னான்.

"நாளைக்கு."

அறை முழுவதும் "ஐயோ!" என்றது.

பதக்கம் முப்பத்தொரு புத்தகம் வாசித்த ரெபேக்காவுக்குப் போனது. அவள் முப்பத்தொன்றையும் உண்மையாகவே வாசித்திருந்தாள். கேட்காமலே இரண்டு கதைகள் சொன்னாள். மூன்றாவதைத் தொடங்கும் முன் மேயர் கைதட்டிவிட்டார். அதற்குள் ஒன்பது பேர், யாக்கோப்பு முடித்ததும் அந்தச் செங்கல் புத்தகம் தங்களுக்கு வேண்டுமென்று மிஸ் பார்க்கரிடம் பெயர் எழுதியிருந்தார்கள். ஏழாவது பெயர் மேயருடையது.

வீட்டுக்குப் போகும்போது அம்மா திரும்பியே பார்க்கவில்லை. பட்டுச்சேலை சரசரக்க விறுவிறுவென்று முன்னால் நடந்தார். சிவமலரும் யாக்கோப்புவும் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனார்கள்.

"கோவமா, அம்மா?"

அம்மா இன்னும் வேகமாக நடந்தார்.

"இப்பவே வாசிப்பமா?" என்று அவள் மெல்ல யாக்கோப்புவிடம் கேட்டாள். "நீ புத்தகத்தைப் பார். நான் ரோட்டைப் பாக்கிறன்."

அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்குக் கம்பம் வந்தபோது இடப்பக்கம் இழுத்தாள், தபால்பெட்டி வந்தபோது வலப்பக்கம். அவன் ஒரு வரி வாசித்தான், அகராதியைப் புரட்டினான், தமிழில் சொன்னான்.

"மார்த்தா கத்தியைக் கயித்தில வைச்சாள்... அப்ப குதிரை திரும்பி அவளைப் பாத்துது..."

தெருவைக் கடக்கும் இடத்தில் அம்மா நின்றார். பச்சை விளக்கு எரிந்தது. அம்மா கடக்கவில்லை. அணைந்தது. மறுபடி எரிந்தது.

அம்மா திரும்பினார். முகத்தில் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது.

"டேய் யாக்கோப்பு," என்றார். "அறுத்தவளோ, இல்லையோ?"

"பொறுங்கோ அன்ரி, ஒரு சொல் தெரியேல்லை."

"அந்த டிக்ஷனரியை இங்கை தா. நான் தேடுறன். நீ வாசி!"

பச்சை விளக்கு இன்னும் நான்கு தடவை எரிந்து அணைந்தது. மூவரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.